வயல் செய்யும் மற்ற வேலைகள்

(தாமிரபரணிப் பாசனப் பகுதியின் நிலப் பயன்பாடு குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். சிவகளை அகழாய்வில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்மணிகளின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வகச் சோதனையில் தெரியவந்திருக்கிறது என்பதே அந்த அறிவிப்பு. தாமிரபரணிக் கரையை ஒட்டிய மக்கள் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நெல்லை அறிந்திருந்தார்கள், இறந்தவரோடு சேர்த்துப் புதைக்கும் அளவுக்கு அதை மதித்தார்கள் என்பது அதிலிருந்து புலனாகிறது.

இத்தனை நீண்ட வேளாண் மரபு கொண்ட நிலத்தில், ஒரு வயலின் மதிப்பை இன்று இரண்டே எண்கள் முடிவு செய்கின்றன. ஒன்று, ஏக்கருக்கு எத்தனை கோட்டை நெல் கண்டது என்பது. மற்றது, அதே ஏக்கரைச் சென்ட் கணக்கில் மனையாக விற்றால் என்ன கிடைக்கும் என்பது. இரண்டாவது எண் எப்போதும் பெரியது. முதல் எண்ணை எவ்வளவு உயர்த்தினாலும் அதை எட்ட முடியாது.

வயல் நெல்லை மட்டுமா தருகிறது? மழைநீரைப் பிடித்து நிறுத்துகிறது. கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கிறது. கொக்குக்கும் நாரைக்கும் இரை தருகிறது. வெள்ளக் காலத்தில் கீழே இருக்கும் ஊருக்கு வருகிற தண்ணீரைத் தாமதப்படுத்துகிறது. சூழலியலாளர்கள் இவற்றைச் சூழலியல் சேவைகள் என்கிறார்கள். ஐ.நா. முன்முயற்சியில் நடந்து 2005இல் வெளியான புத்தாயிரம் ஆண்டுச் சூழலியல் மதிப்பீடு இவற்றை நான்காக வகுத்தது: உணவும் நீரும் போலப் பொருளாகக் கிடைப்பவை; வெள்ளம், நோய், தட்பவெப்பம் ஆகியவற்றைச் சீராக்குபவை; மண் உருவாக்கம் போல மற்றவற்றுக்கு அடித்தளமாக நிற்பவை; வழிபாடும் விழாவும் அழகும் போன்ற பண்பாட்டுப் பயன்கள். வேளாண் நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று திட்டமிடும்போது இந்த நான்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதும், அந்தக் கணக்கைச் சர்வே எண் வாரியாகப் போடாமல் கால்வாய் வாரியாகப் போட வேண்டும் என்பதும் இந்த உரையின் வாதம்.

எட்டு அணைக்கட்டுகள்

தாமிரபரணி சுமார் 128 கிலோமீட்டர் நீளமே கொண்ட ஆறு. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இதன் நீர்ப்பிடிப்பை நனைக்கின்றன. ஜூனில் அணை திறந்தால் கார்ப் போகம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசானப் போகம். இருபோகம் விளையும் இந்த ஒழுங்கு மலைக்காடு தரும் கொடை.

ஆற்றின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். முதல் ஏழும் ஆங்கிலேய ஆட்சிக்கு முந்தியவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. இவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்கள் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, 86,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகின்றன.

இந்த அமைப்பின் நுட்பம் தண்ணீர் திரும்பி வருவதில் இருக்கிறது. கால்வாய்த் தண்ணீர் வழியில் உள்ள வயல்களில் நேராகப் பாய்கிறது. மீதி குளத்தில் சேர்கிறது. குளத்து மடை திறந்தால் அதன் பாசன நிலமான பத்து நனைகிறது. வயலில் வடிந்த நீர் ஓடையாகி அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ போகிறது. குளம் நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழ்க்குளம் பெருகுகிறது. அம்பாசமுத்திரம் பக்கத்து வயலை நனைத்த நீரின் ஒரு பகுதி மருதூரிலோ ஸ்ரீவைகுண்டத்திலோ மீண்டும் மதகு ஏறுகிறது. மேலே உள்ள வயலும் கீழே உள்ள வயலும் ஒரே தண்ணீரை அடுத்தடுத்துப் புழங்குகின்றன. ஆகவே மேலே நிலத்தின் பயன்பாடு மாறினால் கீழே நீரின் அளவும் தரமும் மாறியே தீரும்.

நெல்லுக்கு அப்பால்

வரப்புக்குள் நிற்கும் தண்ணீரை முதலில் எடுத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறத்தாழ 40,000 லிட்டர். கனமழையின்போது பத்து சென்டிமீட்டர் நீரைக் கூடுதலாகப் பிடித்து நிறுத்த வரப்பு இடம் கொடுத்தால், ஏக்கருக்கு நான்கு லட்சம் லிட்டர். 86,000 ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 1.2 டி.எம்.சி. பாபநாசம் அணையின் கொள்ளளவு 5.5 டி.எம்.சி. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான கொள்ளளவு வெறும் மண் வரப்புகளில் இருக்கிறது. எல்லா வயலும் ஒரே நாளில் அவ்வளவையும் பிடிக்காது என்று பாதியைக் கழித்துவிட்டாலும், எந்த அரசும் ஒரு ரூபாய் செலவிடாமல் உழவர்கள் ஆண்டுதோறும் கட்டிக்காக்கும் நீர்த்தேக்கம் இது.

ஜப்பான் இதைத் திட்டமாகவே செய்கிறது. நீகாட்டா மாவட்டத்தில் இன்றைய முராகாமி நகரைச் சேர்ந்த ஊர் ஒன்றில் 2002இல் தொடங்கிய முயற்சி அது. வயலின் வடிகால் வாயில் சிறு துளையிட்ட பலகையைப் பொருத்தி, கனமழை நீரை மெதுவாக வெளியேற்றுகிறார்கள். கீழே உள்ள குடியிருப்புகளில் வெள்ளத்தின் உச்சம் தணிகிறது. ‘வயல் அணை’ என்ற பெயரில் அது ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியிருக்கிறது. நெல்லைச் சீமையில் வரப்பை வெட்டிவிடுவதும் அடைப்பதும் அறியாத உழவர் இல்லை. அந்தப் பழக்கம் ஒரு பொதுப்பணி என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மண். குளத்தில் படியும் கரம்பையைக் கோடையில் வண்டி வண்டியாக அள்ளி வயலில் அடிப்பது இந்தப் பகுதியின் பழைய வழக்கம். வயலுக்கு உரம் கிடைத்தது. குளத்துக்கு ஆழம் கிடைத்தது. அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடை அமர்த்தினார்கள். தரிசாகக் கிடக்கும் கோடையில் கொழிஞ்சி தானாக முளைத்து, உழும்போது மடங்கித் தழையுரமானது. ரசாயன உரம் வந்த பிறகு கரம்பை அடிப்பது குறைந்தது, குளங்கள் மேடாயின. வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியர் நிலையிலேயே பெற 2024இல் தமிழக அரசு வழிசெய்திருப்பது நல்ல தொடக்கம். அள்ளிய மண் செங்கல் சூளைக்குப் போகாமல் வயலுக்கே போகிறதா என்று பார்ப்பது அடுத்த பொறுப்பு.

பறவைகளின் கதை இன்னும் செழுமையானது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம், மணிமுத்தாறு அணையின் கால்வாய் நீரை நம்பியிருக்கும் பாசனக் குளம். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. ஊருக்குள் வீட்டு மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு வெடி வெடிப்பதைக் கைவிட்ட ஊர் அது. பறவை எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் வயலுக்கு உரமாவதை அங்குள்ள உழவர்கள் நன்றாக அறிவார்கள். தாமிரபரணிக் கரையில் உள்ள திருப்புடைமருதூரில், கோயிலைச் சுற்றிய பெருமரங்களில் அடையும் பறவைகளுக்காக 2005இல் ஒரு காப்பகம் அறிவிக்கப்பட்டது. ‘கன்சர்வேஷன் ரிசர்வ்’ என்ற சட்டப் பிரிவின் கீழ் இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

கூடு மரத்தில், இரையோ வயலில். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை வேண்டும், அரிவாள் மூக்கனுக்கு உழவுசாலில் புரளும் புழு வேண்டும், கொக்குக்குத் தவளையும் மீனும் வேண்டும். குளத்தை வேலியிட்டுக் காத்து, சுற்றியுள்ள நெல்வயலை மனையாக்கினால், சரணாலயத்துக்குப் பலகை மட்டுமே மிஞ்சும். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஆர்வலர்களைத் திரட்டி நெல்லை, தூத்துக்குடிப் பகுதிக் குளங்களில் நீர்ப்பறவைகளை ஆண்டுதோறும் கணக்கெடுத்து வருகிறது. எந்தக் குளம் எந்தப் பறவைக்கு முக்கியம் என்று காட்டும் தரவு நம் கையில் இருக்கிறது. மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் மேசைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

ஊர்ப் பெயரோடு அறியப்படும் பொருள்களும் இந்த நிலத்தின் கொடைதான். பத்தமடைப் பாய்க்குப் பெயர் தந்த கோரை ஆற்றங்கரையின் ஈர நிலத்தில் வளரும் புல். புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையின் காரம் தாமிரபரணியின் கடைமடை மண்ணையும் நீரையும் சார்ந்தது. 1937 முதல் இயங்கும் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் வெளியிட்ட அம்பை 16, தென்மாவட்டங்களின் இட்லிப் பானை வரை போய்ச் சேர்ந்தது. இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட மண்ணோடும் ஈரத்தோடும் கட்டப்பட்டவை.

துண்டு துண்டாக எடுக்கும் முடிவு

நிலம் கைமாறும்போது முடிவு எடுப்பவர் ஒரு பட்டாதாரர். அவருக்கு மகள் கல்யாணம் இருக்கும், மருத்துவச் செலவு இருக்கும், ஆள் கிடைக்காத அறுவடை இருக்கும். அவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. ஆனால் அவருடைய ஒரு ஏக்கர் மேடாக்கப்பட்டதும், அதன் வழியாகப் போன வாய்க்கால் அடைபடுகிறது. அதற்குக் கீழே உள்ள வயல்கள் தண்ணீர் இன்றித் தரிசாகின்றன. தரிசு என்று கணக்கில் ஏறியதும் அவற்றையும் மனையாக்குவது எளிதாகிவிடுகிறது. பத்து ஆண்டுகளில் குளத்துக்கு ஆயக்கட்டே இல்லை என்று கோப்பு எழுதுகிறது. ஆயக்கட்டு இல்லாத குளம் சாக்கடைக்கும் கட்டடத்துக்கும் இடமாகிறது. திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையம் நிற்பது வேய்ந்தான்குளத்துப் பரப்பில். பாளையங்கால்வாயும் நெல்லைக் கால்வாயும் நகருக்குள் என்ன சுமந்து ஓடுகின்றன என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நெல்லிலிருந்து வாழைக்கு மாறுவது இன்னொரு வகை மாற்றம். ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளில் வாழை நல்ல வருமானம் தரும் பயிர். அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் வாழைக்கு ஆண்டு முழுவதும் ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கவும் கூடாது. நெல்லுக்கென்று வகுத்த முறைப்பாசனம் கோடையில் தடுமாறுகிறது. மழையில் வயல் நீரைப் பிடிப்பதற்குப் பதிலாக வடிக்கிறது. ஒரு கால்வாயின் எந்தப் பகுதியில் எவ்வளவு வாழை என்று உழவர்களே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது.

நெல்லுக்கும் குறை உண்டு. தொடர்ந்து நீர் நிற்கும் வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுகிறது. அது புவியைச் சூடாக்கும் வாயு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் மீத்தேனும் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் வயல் காயும் நாளில் பறவைக்கு இரை குறையும். ஒரு சேவையைக் கூட்டினால் இன்னொன்று குறையும் இடங்கள் இப்படிப் பல. அவற்றை மறைக்காமல் மேசைமேல் வைத்துப் பேசுவதற்குத்தான் திட்டமிடல் என்று பெயர்.

ஆற்று மணலை அள்ளுவதும் ஒரு நிலப் பயன்பாடுதான். ஆற்றுக்குள் அமைந்த உறைகிணறுகளிலிருந்து ஊர் ஊராகக் குடிநீர் போகிறது. அந்த நீரைத் தேக்கி வடிகட்டித் தருவது மணல். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து ஆண்டுகள் தடை விதித்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அது அதிகம். குளங்கள் உடைந்தன. செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. அவ்வளவு மழையை எந்த வயலும் எந்தக் குளமும் முழுதாகத் தாங்கியிருக்க முடியாது. ஆனால் மறுகால் ஓடைகள் திறந்திருந்தால், குளங்களின் கொள்ளளவு குறையாதிருந்தால், ஆற்றின் வெள்ளச் சமவெளியில் கட்டடங்கள் எழாதிருந்தால், உடைப்புகள் குறைந்திருக்கும். ஊருக்குள் தண்ணீர் நின்ற நாட்களும் குறைந்திருக்கும்.

சட்டத்தில் உள்ள இடைவெளி

காவிரிப் படுகைக்காக 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தாமிரபரணி அதில் இல்லை. அந்தச் சட்டமும் எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் முதலிய சில தொழில்களைத் தடுக்கிறதே தவிர, வயல் மனையாவதைத் தடுப்பதற்காக எழுதப்பட்டதல்ல. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளோ, நெல்வயல்களையும் பாசனத்துக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டன. தாமிரபரணிப் பாசனப் பகுதியின் ஈரநிலம் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

மலைக்கு அந்தப்புறம் கேரளம் 2008இலேயே நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. தடை மட்டும் போதாது என்று உணர்ந்து, 2020 முதல் நெல்வயலை நெல்வயலாகவே வைத்திருக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் என ஊக்கத்தொகையும் வழங்கத் தொடங்கியது. வயல் தரும் இயற்கைப் பயனுக்கான ஈடு அது என்பதே அதன் அடிப்படை. தொகை சிறியது, மனை விலையோடு போட்டியிடாது. ஆனாலும் வயல் செய்யும் மற்ற வேலைகளுக்குக் கூலி உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது பெரிய திருப்பம். கேரளத்தால் முடிந்தது தமிழகத்தாலும் முடியும்.

மலையும் சமவெளியும்

சமவெளியின் கணக்கு மலையில் தொடங்குகிறது. 1988இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். அதன் பசுமைமாறாக் காடுதான் கோடையிலும் ஆற்றை வற்றவிடாமல் வைத்திருக்கிறது. 1990களில் உலக வங்கி உதவியோடு நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காப்பகத்தை ஒட்டிய கிராமங்களில் வனக்குழுக்கள் அமைந்தன. மாற்று எரிபொருளும் சிறுகடனும் கிடைத்தன. விறகுக்காகக் காட்டை நம்பும் நிலை தணிந்தது. மலையடிவாரத்து உழவருக்கு வேறு தொல்லை. யானையும் பன்றியும் இறங்கிப் பயிரை அழிக்கின்றன. காட்டின் பயனை ஸ்ரீவைகுண்டம் அனுபவிக்க, அதன் இழப்பைக் களக்காடும் கடையமும் சுமக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வையும் திட்டம் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாஞ்சோலையில் இன்னும் கடினமான கேள்வி நிற்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் 8,373 ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா நிறுவனத்துக்குக் கொடுத்தது. காடு தேயிலைத் தோட்டமானது. குத்தகை 2028இல் முடிய இருந்த நிலையில், 2024இல் நிறுவனம் வேலையை நிறுத்திக்கொண்டது. மணிமுத்தாற்றின் நீர்ப்பிடிப்பில் உள்ள அந்த நிலம் மீண்டும் காடாவது ஆற்றுக்கு நல்லது. ஆனால் நான்கு தலைமுறையாக அங்கே உழைத்தவர்களின் வாழ்வு அந்தக் கணக்கின் முதல் வரியாக இருக்க வேண்டும். அந்தத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில்தான் 1999 ஜூலை 23 அன்று 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். காட்டை மீட்கும் பணியிலேயே அவர்களுக்கு ஊதியத்தோடு இடம் கொடுக்கலாம். எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது, எந்த ஓடை எப்போது வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

செய்யத்தக்கவை

முதலாவது, கால்வாய் வாரியான வரைபடம். பதினொரு கால்வாய்களுக்கும் தனித்தனியே, அவற்றின் குளங்கள், பத்துகள், வடிகால் ஓடைகள், மறுகால் பாதைகள், பறவை மரங்கள், உறைகிணறுகள் ஆகியவற்றை ஒரே தாளில் குறிக்க வேண்டும். ஏட்ரீ ஆய்வு நிறுவனமும் திருநெல்வேலி மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து தொடங்கிய ‘தாமிராசெஸ்’ என்ற ஆற்றுப்படுகை மீட்புத் திட்டம் இதற்கு ஒரு தொடக்கம் தந்திருக்கிறது. ஆற்றையும் மக்களையும் ஒரே அமைப்பாகப் பார்க்க அது முயல்கிறது.

இரண்டாவது, அந்த வரைபடத்தில் மூன்று வகைப் பிரிவு. குளங்களுக்கு அடுத்த பத்து, வெள்ளச் சமவெளி, பறவைகள் இரை தேடும் வயல்கள் ஆகியவை எந்த நிலையிலும் மாற்றக் கூடாதவை. இரண்டாம் வகையில் பயிரை மாற்றலாம், வரப்பையும் வாய்க்காலையும் மாற்றக் கூடாது. மூன்றாம் வகையில், ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தில், வீடுகளுக்கு இடம் கொடுக்கலாம். வளரும் நகருக்கு வீடு வேண்டும்; எங்கே கட்டலாம் என்று தெளிவாகச் சொன்னால்தான் எங்கே கூடாது என்று சொல்லும் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

மூன்றாவது, ஈடு. முதல் வகை நிலத்தின் உழவருக்கு ஆண்டுத் தொகை கொடுக்க வேண்டும். அதைக் குத்தகைக்குப் பயிரிடுபவருக்கும் பங்கிட வேண்டும். வரப்பைக் கட்டுபவர் பெரும்பாலும் அவர்தான். பணம் எங்கிருந்து என்ற கேள்வி எழும். தாமிரபரணி நீரைக் குழாய்வழியே பெறும் நகரங்களும் தொழிற்சாலைகளும் செலுத்தும் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு இதற்கென ஒதுங்கலாம்.

நான்காவது, முடிவெடுக்கும் இடம். பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்க வழிசெய்யும் சட்டம் 2000ஆம் ஆண்டிலிருந்தே தமிழகத்தில் இருக்கிறது. அதன்படி அமைந்த நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் கருத்தைக் கேட்காமல் எந்த ஆயக்கட்டு நிலத்துக்கும் மனை அனுமதி இல்லை என்று ஒரு விதி சேர்த்தால், துண்டு துண்டாக எடுக்கப்படும் முடிவு கால்வாய் முழுவதையும் பார்த்து எடுக்கும் முடிவாகும்.

இவற்றைத் தொடங்க ஏற்ற இடமும் கண்முன் இருக்கிறது. தாமிரபரணியின் உபரி நீரை நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் வறட்சிப் பகுதிகளுக்குக் கொண்டுபோகும் தாமிரபரணி – கருமேனியாறு – நம்பியாறு இணைப்புக் கால்வாய், 2009இல் பணி தொடங்கி, சுமார் 75 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டப்பட்டிருக்கிறது. பனையும் உடைமரமும் நிற்கும் செம்மண் தேரிக்கும் புன்செய்க்கும் அது தண்ணீர் கொண்டுவருகிறது. தண்ணீர் வரும் என்ற செய்தியே நில விலையை ஏற்றும், பயிரை மாற்றும். பழைய கால்வாய்களில் நேர்ந்த இழப்பைக் கண்டபின் திட்டமிட வேண்டிய நிலையில் இருக்கிறோம்; இந்தப் புதுக்கால்வாயில் முன்கூட்டியே திட்டமிடலாம். எந்தக் குளத்தை நிலத்தடி நீருக்காக நிரப்புவது, எந்தத் தேரியை மழையை உறிஞ்சும் நிலமாக விட்டுவைப்பது, ஆட்டுக்கிடைக்கு மேய்ச்சல் எங்கே, நெல்லுக்கும் சிறுதானியத்துக்கும் இடம் எங்கே என்று அந்தந்த ஊராட்சியின் கிராமசபை வரைபடத்தோடு உட்கார்ந்து முடிவு செய்து, மாவட்டத் திட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே முதல் வரைபடம் தயாரானால், கன்னடியன் கால்வாய் முதல் ஸ்ரீவைகுண்டம் தென்கால் வரை மற்றவற்றுக்கும் அதே முறையைக் கொண்டுபோகலாம்.